போர்வைக்குள் வெந்த டிஸ்க்

அவனை வீட்டில் ‘மிச்ச ஸ்க்ரூ’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கழற்றினாலும் திரும்ப மாட்டும்போது கையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சிவிடும். இந்தப் பெயரை ஒழித்துக்கட்டவே அண்ணியின் பழைய லேப்டாப்பைத் திறக்க அவன் முன்வந்தான்.

அண்ணிக்கு எம்பிராய்டரி வேலை. துணியில் விழவேண்டிய பூவை முதலில் லேப்டாப்பில் தையல் தையலாக வரைவாள். அதைப் பென் டிரைவில் ஏற்றி மிஷினில் செருகினால் மிஷின் தானே தைத்துவிடும். அண்ணன் அதே கூடத்தில் துணி வெட்டித் தைப்பவன். லேப்டாப்போ கிழடு. தட்டிவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

அன்று காலை பழைய ஹார்ட் டிஸ்க்கை உருவிவிட்டு, அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க்கைப் பொருத்தினான். அண்ணி எடுத்துக் கொடுத்த பென் டிரைவில் இருந்ததை அழித்து, அதில் விண்டோஸை ஏற்றி, புதிதாகப் பதிந்தான். பட்டனை அழுத்தினான். அண்ணி மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் திரை வந்து நின்றது.

“இதென்ன, கூப்பிடறதுக்கு முன்னாடியே வந்து நிக்குது! உங்க அண்ணனுக்கும் இதுல ஒண்ணு போட்டுவிடுங்க தம்பி.”

“எனக்கு வேகமெல்லாம் போதும். காதை அடைச்சுக்க ஏதாவது இருந்தா குடுடா” என்றான் அண்ணன்.

மிச்சமிருந்தது ஒரே வேலை. பழைய டிஸ்க்கை ஒரு பிளாஸ்டிக் கூட்டில் வைத்து, ஒயரால் லேப்டாப்போடு இணைத்து, உள்ளே இருந்ததையெல்லாம் ஒட்டுமொத்தமாகப் புதியதற்கு நகலெடுக்க விட்டான். பச்சைக் கோடு நகர ஆரம்பித்ததும் சாப்பிடப் போனான்.

திரும்பி வந்தபோது லேப்டாப்பைக் காணவில்லை. மேஜைமேல் கம்பளிப் போர்வை ஒன்று குவிந்து கிடந்தது. அண்ணன் பஞ்சு பஞ்சாகத் தூசி பறக்கும் துணியைத் தரையில் விரித்து வெட்டிக்கொண்டிருந்தான். சாப்பிட்டு வந்தவன் போர்வையை ஒரே இழுப்பில் இழுத்தான். நகல் பாதியில் நின்றிருந்தது. டிஸ்க்கைத் தொட்டவன் கையை உதறினான். இஸ்திரிப் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒயரைப் பிடுங்கினான்.

“அண்ணி, இதை யாரு மூடினது?”

“நான்தான். கத்திரிக்கோலைத் தூக்கினா எல்லாத்தையும் மூடணும்ல? ஏன் தம்பி, முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?”

அது அந்த வீட்டுச் சட்டம். தூசி புகுந்தால் மிஷின் கெடும் என்பதால் வெட்டு ஆரம்பிக்கும் முன் சகலமும் போர்வைக்குள் போய்விடும். அவனுக்கும் தெரிந்த சட்டம்தான். இதை மட்டும் மூடாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை.

புதியதற்கு எது வந்து சேர்ந்தது என்று பார்த்தான். அண்ணன் சேர்த்து வைத்திருந்த சினிமாக்கள் பூராவும் வந்திருந்தன. டிசைன் ஒன்றுகூட வரவில்லை.

“வேற எங்கயாவது காப்பி இருக்கா அண்ணி?”

“இல்லையே. இன்னிக்கு ஆர்டர் மட்டும் பென் டிரைவ்ல இருந்துச்சு. லேப்டாப்லதான் எல்லாம் இருக்கேன்னு அதை உங்ககிட்ட…”

அந்தப் பென் டிரைவைத்தான் காலையில் அவன் அழித்திருந்தான். சுவரோரம் நர்சுகளின் சட்டைகள் கட்டாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் பையிலும் ஆஸ்பத்திரிச் சின்னம் ஏறி, சாயங்காலம் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மாதிரிக்குச் சின்னம் தைத்த ஒரே சட்டை ஆணியில் தொங்கியது.

“நல்லா இருந்ததை நோண்டி நாசம் பண்ணிட்டியேடா! திரும்பச் செருகித் தொலை!” என்று அண்ணன் கத்தினான்.

“சூடு ஆறாம செருகினா ஒரேயடியா போயிடும்ணா.”

“ஃப்ரிட்ஜ்ல வை.”

“உள்ள ஈரம் கோத்துக்கும்.”

“அப்ப மடியில வச்சுத் தாலாட்டு!”

டிஸ்க்கை வெறுந்தரையில் வைத்து மின்விசிறியைத் திருப்பினார்கள். மூன்று பேரும் அதையே பார்த்தபடி நின்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து போன் அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. அவன் குனிந்து புறங்கையால் தொட்டுப் பார்த்தான். குளிர்ந்துவிட்டது.

செருகினான். டிஸ்க் சுழன்றது. கூடவே டிக், டிக் என்று ஒரு சத்தம். சாகப்போகும் டிஸ்க்கின் சத்தம் அது என்று அவனுக்குத் தெரியும். திரையில் ஃபோல்டர் பெட்டிகள் மெல்ல மெல்லத் தெரிந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘ஆர்டர்’, இன்னொன்றின் பெயர் ‘என்னோடது’.

“அண்ணி, இது ரொம்ப நேரம் தாங்காது. ஏதாவது ஒண்ணைத்தான் முதல்ல எடுக்க முடியும். எது?”

“இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆர்டரை எடு. சோறு போடுறது அதுதான்” என்றான் அண்ணன்.

“அதுல வருஷக்கணக்கா சேர்ந்த குப்பை கிடக்கு. நர்ஸ் சின்னத்தைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள இது செத்துடும்” என்றாள் அண்ணி. “அந்தச் சின்னம் துணியில இருக்கு, திரும்ப வரைஞ்சுக்கலாம். என் பூவெல்லாம் வேற எங்கயும் இல்ல. என்னோடதை எடுங்க.”

“உனக்கென்ன பைத்தியமா? சாயங்காலம் அவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?”

“தம்பி, நீங்க எடுங்க.”

அவன் அழுத்தினான். பச்சைக் கோடு எறும்பாக ஊர்ந்தது. பாதியில் நின்றது. டிக், டிக், டிக். அண்ணி புடவைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டாள். கோடு அசைந்தது, மறுபடி நின்றது, கடைசியில் விளிம்பைத் தொட்டது. அவன் ஒரு பூவைத் திறந்தான். இதழ் குலையாமல் விரிந்தது.

உடனே ஆர்டர் பெட்டியைத் தட்டினான். டிஸ்க் ஒருமுறை முனகியது. பிறகு சத்தமே இல்லை. ஒயரை மாற்றினான், கூட்டை மாற்றினான். பயனில்லை.

அண்ணன் சட்டைக் கட்டின்மேல் தொப்பென்று உட்கார்ந்தான். “போச்சா?”

“போச்சுண்ணா.”

அண்ணி ஆணியிலிருந்து மாதிரிச் சட்டையை எடுத்து உள்பக்கம் வெளியே வரத் திருப்பினாள். பின்புறத்தில் நூல் போன வழி தெரிந்தது. “போனைப் போட்டு நாளைக்குக் காலையிலன்னு சொல்லுங்க.”

“ஒத்துக்கலைன்னா?”

“திட்டுவாங்க. வாங்கிக்குங்க. எனக்கு இப்ப அதுக்கு நேரமில்ல.”

அண்ணன் முணுமுணுத்தபடி போனோடு வாசலுக்குப் போனான். அவன் குரல் இறங்கி இறங்கிக் கெஞ்சுவது உள்ளே கேட்டது.

“அண்ணி, நான்…”

“அப்புறம் பேசலாம் தம்பி. இந்த முனையைப் பிடிச்சு ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டுங்க. ஆட்டாதீங்க.”

அவன் பிடித்தான். அண்ணி நூல் போன வழியைப் பார்த்துப் பார்த்து லேப்டாப்பில் வரைய ஆரம்பித்தாள். திரையில் முதல் தையல் விழுந்தது.