கவிழ்த்த டம்ளர்

என் வீட்டுக்காரர் நீதிபதி. வக்கீல்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் பூட்டு. வீட்டில்கூட யாராவது வழக்குப் பேச்சை எடுத்தால், கையிலிருக்கும் டம்ளரைக் காலி செய்து மேஜையில் கவிழ்த்துவிடுவார். பேச்சு முடிந்தது என்று அர்த்தம். கல்யாணமான புதிதில் இதைத் தங்கச்சியிடம் பெருமையடித்துக்கொண்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஒரு சாயப்பட்டறையின் கழிவு குடிதண்ணீரில் கலந்து குழந்தைகள் முடங்கிப்போன வழக்கு. சாட்சி போதவில்லை என்று முதலாளியை விடுவித்தார். மறுநாளே ஒரு சேனல், நீதிபதியின் மகளைப் படிக்க வைத்தது அந்த முதலாளிதான் என்று அவள் படத்தோடு போட்டது. பச்சைப் பொய். அவள் படித்தது அரசாங்க உதவித்தொகையில். அந்த ஆளின் முகத்தைக்கூட அவள் பார்த்ததில்லை.

மகள் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். ஒரு தாய் சிகிச்சை மேஜையிலிருந்தே பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டாளாம். "எங்க பிள்ளைங்க காலை முடக்கின காசுல படிச்சிட்டு, நீ வந்து கால் நீவுறியா?" நிர்வாகம் மகளை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டது.

அன்று சாப்பிடும்போது அப்பாவிடம் கெஞ்சினாள்.

"நீங்க பேச வேண்டாம்பா. தலைமை நீதிபதிகிட்ட சொன்னா கோர்ட்டே மறுப்பு கொடுக்கும். ஒரே ஒரு வரி."

"நீதிபதி தீர்ப்புல மட்டும்தான் பேசணும்மா. சொந்த விஷயத்துக்கெல்லாம் கோர்ட்டை இழுக்கக் கூடாது."

"தீர்ப்பு உங்களோடது. துப்புறது என் மூஞ்சியில."

டம்ளர் கவிழ்ந்தது. அவசரத்தில் காலி செய்ய மறந்துவிட்டார். தண்ணீர் அவள் தட்டுவரை ஓடியது. நான்தான் துணி எடுத்துத் துடைத்தேன்.

அவள் வேலை போனது. அப்பா பெயர் தெரியாத ஊராகப் பார்த்துப் போய், ஒரு மருந்துக் கடையில் சேர்ந்தாள். அவர் அழைத்தால் போனை எடுப்பதில்லை.

பிறகு வக்கீல் சங்கப் பத்திரிகையில் ஒரு மூத்த வக்கீல் எழுதினார்: ஐயா தீர்ப்புகளை எழுதுவது உதவியாளர்தானாம், ஐயா வெறும் கையெழுத்தாம். அவ்வளவுதான், பூட்டு திறந்துகொண்டது. சங்கத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்தவர் ஒரு மணி நேரம் விடவில்லை. "ஒவ்வொரு எழுத்தும் என்னுடையது! இதை எழுதினவர் மூளையைக் கோட்டோட ஆணியில மாட்டிட்டு வர்றவர்!" கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பு அவர் தலைக்கேறிவிட்டது. அந்த வக்கீல் தன் முன்னாலேயே வாதாடிக்கொண்டிருந்த ஒரு வழக்கைச் சொல்லி, "இவரோட கட்சிக்காரன் குற்றவாளின்னு இவருக்கே தெரியும்" என்றார். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். பெற்ற மகளுக்கு ஒரு வரி கிடையாது, தன் பேனாவுக்கு ஒரு மணி நேரமா!

வழக்குகளை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். விசாரணைக் குழு போட்டார்கள். நேற்று என் போனிலிருந்து மகளை அழைத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"குழு உன்னையும் கூப்பிடும்மா. மக பட்ட கஷ்டத்தைப் பார்த்து அப்பா மனசு உடைஞ்சிட்டார், அதான் நிதானம் தவறிட்டார்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும்."

"நான் பட்ட கஷ்டம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியாம இருக்குமா?"

"அப்ப தெரிஞ்சேதான் சும்மா இருந்திருக்கீங்க."

போனை வைத்துவிட்டாள். அவர் போனை என் பக்கம் தள்ளினார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"நீயாவது சொல்லுவியா?" என்றார்.

என் டம்ளரில் பாதித் தண்ணீர் இருந்தது. நிதானமாகக் குடித்து முடித்து, மேஜையில் கவிழ்த்து வைத்தேன். ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை.