நிலவு வளைவிலிருந்து கொலம்பஸ் வளைவு வரை

கருங்காட்டு மலைச் சாலையின் ஐந்து வளைவுகளும் அமெரிக்க வரலாற்றின் முக்கியத் திருப்பங்கள். ஏறும்போது அவை வரிசையாக வரும், இறங்கும்போது பின்னோக்கி வரும். அந்தத் தடத்தில் பேருந்து ஓட்டும் நாச்சிமுத்துவுக்கு இறங்குவதுதான் சிரமம். நடந்து முடிந்ததை நடக்காததாக்க வண்டி லேசில் சம்மதிக்காது.

அன்று காலை செம்பாயிக்கு இடுப்பு வலி கண்டது. அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குப் போக, அவள் புருஷன் வெள்ளையன் அவளை முன்சீட்டில் உட்கார வைத்தான். அவனுடைய அண்ணன் சடையன் பின்படியில் ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தான். பாகம் பிரித்ததிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. எங்கே போகிறாய் என்று கண்டக்டர் கேட்டதற்கு, "கீழே ஒரு சோலி" என்றான் சடையன்.

முதலில் நிலவு வளைவு. எல்லோரும் எடை குறைந்து சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். யாருடைய கோழியோ கூரையில் போய் ஒட்டிக்கொண்டது. செம்பாயிக்கு வயிறு பஞ்சாகிவிட்டது.

"இங்கேயே கொஞ்சம் நிறுத்துங்கண்ணா. நோவே தெரியலை."

"நிறுத்தினா அப்படியே மேலே போயிடுவோம் தாயி" என்று நாச்சிமுத்து கியரை மாற்றினார்.

மதுவிலக்கு வளைவில், குடித்துவிட்டு ஏறியிருந்த ஒருவர் தெளிந்து, கூச்சத்தோடு எழுந்து தன் இடத்தை ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குக் கொடுத்தார். வளைவு தாண்டியதும் தள்ளாடியபடி அதைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உள்நாட்டுப் போர் வளைவில் வண்டி நின்றது. அங்கே முன்பாதி வேறு, பின்பாதி வேறு. இரண்டும் ராசியாகும்வரை ஸ்டியரிங் திரும்பாது. மற்ற நாட்களில் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்கிற அளவில்தான் சண்டை இருக்கும், ஒரு வெற்றிலையில் முடிந்துவிடும். அன்றும் மற்றவர்கள் சீக்கிரமே சமாதானமாகிவிட்டார்கள். ஸ்டியரிங் மட்டும் அசையவில்லை. செம்பாயி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து கடைசி சீட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"சடையா, ஒரு வார்த்தை பேசிடுப்பா. எதுவானாலும் சரி."

சடையன் வெளியே மரங்களைப் பார்த்தான். செம்பாயி அலறினாள். அவன் எழுந்துவிட்டான்.

"டேய், அவளைச் சரியாப் பிடிடா. தலை கம்பியில இடிக்குது."

"பிடிச்சிட்டுத்தாண்ணே இருக்கேன்."

ஸ்டியரிங் தானாகவே திரும்பியது. சடையன் முன்னால் வந்து தம்பிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டான்.

தேநீர் வளைவில் வழக்கம்போலக் கடல் வந்து சக்கரத்தைத் தொட்டது. பிளாஸ்கில் டீ வைத்திருந்தவர்கள், அந்தக் காலத்தில் வரியை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டியவர்களைப்போல, ஜன்னல் வழியாக ஊற்றிவிட்டார்கள்.

மிச்சமிருந்தது கொலம்பஸ் வளைவு. அதைத் தாண்டும் வண்டி, உள்ளே இருப்பவர்கள் போக நினைக்கும் இடத்துக்கு மட்டும் போகாது. நாச்சிமுத்து வேகத்தைக் குறைத்தார்.

"எல்லோரும் சந்தைக்குப் போறதா நெனைச்சுக்குங்க. ஆஸ்பத்திரி ஞாபகம் ஒருத்தருக்கும் வரக்கூடாது."

எல்லோரும் கண்ணை மூடிக் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நினைத்தார்கள். செம்பாயிக்கு வலியைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வெள்ளையனால்தான் முடியவில்லை. அவன் உதடு "ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி" என்றே முணுமுணுத்தது. வளைவு நெருங்கிவிட்டது.

சடையன் குனிந்து, "பையன்னா என் மாமனார் பேரைத்தான் வைக்கணும்" என்றான்.

"உன் மாமனார் பேரை நான் எதுக்கு வைக்கணும்?"

"அவருக்கு என்ன கொறைச்சல்?"

"என் கல்யாணத்துல பந்தியிலிருந்து எந்திரிச்சுப் போனவரு அவரு."

"அன்னிக்குச் சாம்பார் அப்படி."

வெள்ளையன் மூக்கு விடைக்க விளக்கிக்கொண்டிருந்தபோது வண்டி வளைந்து, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றது. நாச்சிமுத்து இன்ஜினை அணைத்தார்.

நர்ஸ் ஒருத்தி துணியில் சுற்றிய குழந்தையோடு படியில் காத்திருந்தாள்.

"இவ்வளவு நேரமா? பொண்ணு பொறந்து பாலுக்கு அழுதுட்டிருக்கு. அம்மா வந்து பெத்துக்கறது ஒண்ணுதான் பாக்கி."

செம்பாயி மெதுவாக இறங்கிப் பிள்ளையை வாங்கினாள். மூக்கு யாருடையது என்று பார்த்தாள். அடுத்த வலி வருவதற்குள் அதைச் சடையன் கையில் கொடுத்துவிட்டு, பெற்றெடுக்க உள்ளே போனாள்.