ஏழாவது தாள்

...ஆறு முறை செத்து, ஆறு முறையும் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பியவன் இந்தப் பூமியில் என்னைத் தவிர எவன் இருக்கிறான் என்று அவர் மனதுக்குள் மார்தட்டிக்கொண்டார், கையில் பதினேழாம் எண் டோக்கன், சட்டைப்பையில் மடிப்பெல்லாம் கிழிந்த ஆறு தாள்கள், ஆறிலும் எச்.ஐ.வி. நெகட்டிவ் என்று ஒரே வரி, அப்படியிருந்தும் ஏழாவதற்காக ரத்தப் பரிசோதனை நிலையத்தின் நீல நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறார், யார், முப்பத்தைந்து வருஷம் ஊர்த் தராசுகளையெல்லாம் நடுங்க வைத்த எடையளவு ஆய்வாளர், தட்டில் எறும்பு ஏறி இறங்கினால் அது சாப்பிட்டு வந்ததா பட்டினியா என்று சொல்லிவிடுவார் என்று பேர், அந்தப் பேரைப் பரப்பியவரும் அவரேதான், அது கிடக்கட்டும். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. பதினோரு மணிக்கு எதிர்ச்சாரிப் பதிவு அலுவலகத்தில், அவரைக் கல்யாணம் பண்ணிக்கொள்ள, பூகோள டீச்சர் காத்திருப்பாள், ஏற்கெனவே இரண்டு முறை காக்க வைத்து வராமல் விட்டாயிற்று, மூன்றாவது முறை கிடையாது என்று நேற்றே சொல்லிவிட்டாள். "ஆறு தாளையும் படிச்சேன். ஆறுலயும் ஒரே கதைதான். ஏழாவது வர்ற வரைக்கும் காத்திருந்து வாங்கி அடுக்க நான் என்ன நூலகமா?" கேட்கமாட்டாளா பின்னே, அவளிடம் எதையும் மறைக்கவில்லை, மனைவி போய்ச் சேர்ந்த மறுவருஷம், வெளியூர் விடுதி, விடாத மழை, பேர்கூடக் கேட்டுக்கொள்ளாத ஒரு பெண், ஒரே ஒரு முறை, எல்லாம் சொன்னார், அவள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, சரி, அப்புறம் என்றாள், அவ்வளவுதான்.

அப்புறம் மூன்று வருஷம். இருமினால் அதுதான், வியர்த்தால் அதுதான், கொசு கடித்த தடிப்பைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் அது கோலிகுண்டாகத் தெரிந்தது, பூதக்கண்ணாடியில் வேறு எப்படித் தெரியும். டாக்டர் எத்தனை முறை சொன்னார், "மூணு மாசம் தாண்டி எடுத்த டெஸ்ட்ல நெகட்டிவ்னா முடிஞ்சுது சார். உங்களுக்கு மூணு வருஷம் தாண்டியாச்சு. அப்படியே இருந்திருந்தாலும், தினம் ஒரு மாத்திரையைப் போட்டுட்டு என்னைவிட நல்லா நடமாடிட்டு இருப்பீங்க. உங்களுக்கு வந்திருக்கிறது பயம்." பயமா, எனக்கா, என்று வீராப்பாக வெளியே வந்தவர் வாசலிலேயே கழுத்தைத் தடவினார், இடது காதுக்குக் கீழே அந்தக் கட்டி, இதோ இப்போதும் விரல் தானாக அங்கேதான் போகிறது, அமுக்கினால் வலிக்கிறது, அப்படியானால் ஏதோ இருக்கிறது, இல்லாமலா வலிக்கும்... உள்ளேயிருந்து ஊசிக்காரம்மா எட்டிப் பார்த்தாள், ஆறு முறையும் குத்தியவள் அவள்தான். "என்ன சார், ஏழாவதா? நீங்க வீட்டிலேயே இருங்க, உங்க ரத்தத்துக்கு வழி தெரியும், அதுவே நடந்து வந்துடும்." இதுதாம்மா கடைசி என்றார். "போன தடவையும் இதே கடைசிதான். குத்திக்காம நீங்க இந்த வாசலைத் தாண்டுங்க, நானே வந்து உங்க கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடறேன்." பக்கத்து நாற்காலிகள் சிரித்தன.

சிரிக்கட்டும், சந்தேகம் என்றால் என்னவென்று இவர்களுக்கு என்ன தெரியும், வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக மூலப் படிக்கல்லையே சந்தேகப்பட்டவர் அவர், ஊர்க் கல்லுக்கெல்லாம் தாய்க்கல் அது, பித்தளை, இடுக்கியால்தான் தூக்கவேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை சோதித்து முத்திரை பார்த்துப் பெட்டியில் மூடிவிடவேண்டும், அவரோ தூசி ஒட்டியிருக்குமோ என்று தினமும் எடுத்து, துடைத்து, நிறுத்து, மறுபடி துடைத்து, மறுபடி நிறுத்து, ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் கல் நிஜமாகவே குறைந்திருந்தது, பார்த்தீர்களா, நான் அப்போதே சொன்னேன் என்று மேலதிகாரியிடம் துள்ளிக்கொண்டு ஓடினார். அந்த மனிதர் கல்லைப் பார்க்கவில்லை, இவர் கையிலிருந்த துணியைப் பார்த்தார், அதில் மஞ்சளாகப் பித்தளைப் பொடி. "கல்லு சரியாத்தான்யா இருந்துச்சு. நீதான் தேய்ச்சே கொன்னுட்டே."

விரல் கழுத்தில் அப்படியே நின்றது. இன்று காலையிலிருந்து எத்தனை முறை அமுக்கியிருப்பேன், நாற்பது, நானூறு, மூன்று வருஷமாக இப்படி அமுக்கினால் பாறைகூட வலிக்கிறது என்று அழாதா? வலது பக்கம் தொட்டுப் பார்த்தார், அவர் அமுக்காத பக்கம், அங்கே வலியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவருக்குள் பழைய ஆய்வாளர் எழுந்து நின்றார், கடைக்காரனை மடக்கும் அதே குரலில், ஏய் பயமே, இந்த ஆறு தாளிலும் முத்திரை இருக்கிறது, தேதி இருக்கிறது, கையெழுத்து இருக்கிறது, எங்கே உன் கல்லை எடு பார்ப்போம், முத்திரை எங்கே, ஒரே ஒரு முத்திரையாவது காட்டு. பயம் பைக்குள் கையை விட்டுத் துழாவியது, விழித்தது, முத்திரையில்லாத கல்லை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் என்னிடமே வியாபாரம் செய்திருக்கிறாயா, யாரிடம்...

பதினேழு என்று கூப்பிட்டபோது அவர் டோக்கனைக் கிழித்து நான்கு துண்டாகக் குப்பைக்கூடையில் போட்டு, வாசலைத் தாண்டி, பத்து ஐம்பத்தெட்டுக்குத் தெருவைக் கடந்தார், கடந்தார் என்ன, பறந்தார், இரண்டு பேருந்துகள் ஒதுங்கி வழிவிட்டதாகப் பிற்பாடு சொல்லிக்கொண்டார். பின்னாலேயே வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஊசிக்காரம்மா, "சார், நில்லுங்க, நிஜமாவா, சார்." பதிவு அலுவலகப் படியில் டீச்சர் கைப்பையை மடியில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள், அவரைப் பார்த்தாள், அவர் முழங்கையைப் பார்த்தாள், பஞ்சு இல்லை, பிளாஸ்திரியும் இல்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

உள்ளே கையெழுத்துப் போட்டுப் பேனாவைக் கீழே வைத்ததும் அவர் இடது கை மெல்லக் கழுத்துக்கு எழுந்தது, பாதி வழியில் அவரே அதைப் பார்த்துவிட்டார், நாளைக்கும் எழும்போலிருக்கிறது, நாளை மறுநாளும், எழட்டுமே, கைதானே, அதைப் பிடித்து வைத்துக்கொள்ள இனி இன்னொரு கை இருக்கிறது... டீச்சரின் பள்ளியிலிருந்து வந்த இரண்டு சாட்சிகளும் போட்டு முடிக்க, பதிவாளர் தாளை ஊசிக்காரம்மா பக்கம் தள்ளினார். "இவங்க ரெண்டு பேரும் உங்க முன்னாடிதானே கையெழுத்துப் போட்டாங்க?"

அவள் அவர் முழங்கையை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தாள்.

"சத்தியமா நான் நம்பல சார்," என்றாள். "ஆனா நடந்துச்சு. பார்த்தேன்."