முந்தி வந்த சத்தம்

பணிப்பாளர் தயாபரன் ஐரோப்பாவிலிருந்து வந்த மின்னஞ்சலை உரத்து வாசித்துக்கொண்டிருந்தபோது கஜேந்தினி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வாசிப்பவரில் அவளுக்கு மதிப்பில்லை. எழுதி அனுப்பியவர்களிலும் மதிப்பில்லை. அவர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் அந்த விளையாட்டில் அறவே மதிப்பில்லை. அவள் மதித்தது தன் வேலையை மட்டுமே. அந்த வேலையில்தான் பிழை இருக்கிறதென்று மின்னஞ்சல் சொல்லிற்று.

கிளிநொச்சியில், கண்டி வீதியோரத்து உரக்கடையொன்றின் மேல்மாடியில் அவர்களுடைய அலுவலகம் இருந்தது. முன்னொரு காலத்தில் மேசைக் கணினிக்கென்று எழுதப்பட்ட சுடும் விளையாட்டுகளை, கையிற் பிடித்து விளையாடும் சிறு கருவிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுப்பது அங்கே தொழில். மாற்றி எழுதுபவள் கஜேந்தினி. எழுதியதை விளையாடிப் பார்த்துக் குறை பிடிப்பவள் நிஹ்லா. முல்லைத்தீவுக்காரி, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட பின் புத்தளத்தில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு திரும்பி வந்தவள். இருவருக்கும் மேலே, சில்லுப் பூட்டிய தோற்கதிரையில், சுவிசிலிருந்து காசோடு வந்திறங்கிய தயாபரன் இருந்தார். கணினியைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதை எந்தக் கடையில் மலிவாக வாங்கலாம் என்பது ஒன்றே.

கையிலிருந்த விளையாட்டு பழைய உலகப் போரைப் பற்றியது. அதன் நாயகன் ஒரு கடைக்குக் காணுமான துவக்குகளைத் தோளிற் சுமந்தபடி மூச்சு வாங்காமல் ஓடுவான். அவனுக்குப் பசியில்லை, விடாயில்லை. காயம் பட்டால் தரையிற் கிடக்கும் மருந்துப் பெட்டியை ஒருமுறை மிதித்தாற் போதும், புதுச் சதை வைத்துவிடும். இதை எழுதிய வெள்ளைக்காரப் பொடியள் தங்கள் கணினி நிரலையும் அதே இலட்சணத்தில்தான் எழுதியிருந்தார்கள்: வரிகள் ஒழுங்கின்றிக் கிடந்தன, இடையிடையே விளக்கக் குறிப்பு இருக்கவேண்டிய இடத்தில் தூஷணம் இருந்தது. கஜேந்தினி மூக்கைப் பொத்தாத குறையாக அதனுள் இறங்கினாள். விசைப்பலகை முழுவதும் பரவிக்கிடந்த கட்டளைகளை நாலைந்து பொத்தான்களுக்குள் அடக்கினாள். சிறு கருவிக்குக் கனமான படங்களைச் சுருக்கினாள். செய்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் காரணத்தைப் பக்கத்திலேயே எழுதிவைத்தாள். மூலத்தில் உள்ளது உள்ளபடி வரவேண்டும், மூலத்தில் பிழை இருந்தால் அந்தப் பிழையும் வரவேண்டும் என்பது அவள் சட்டம். அதை மீறிப் பேசிய நிஹ்லா பலமுறை வாங்கிக் கட்டியிருக்கிறாள்.

“படுக்கினமாம்,” என்றார் தயாபரன். “செல் விழுற அந்த வயல் வருகுதெல்லோ, அதில ஏதோ ஒரு சத்தம் கேட்டவுடன விளையாடுற எல்லாரும் படுக்கினமாம். பிறகு செல் விழுந்தும் ஒருத்தரும் சாகினமில்லையாம். உந்தச் சத்தம் எங்கயிருந்து வந்தது, கஜேந்தினி?”

“அதுக்குள்ளயே இருந்த சத்தம்தான், சேர்.”

“வெடிச் சத்தத்தோட ஒண்டாயெல்லோ இருந்ததாம்?”

“இந்தக் கருவியால ரெண்டு பெரிய சத்தத்தை ஒண்டாப் போடேலாது. அதால பிரிச்சனான்.”

“பிரிச்சது சரி. ஏன் அதை முன்னுக்குக் கொண்டந்து வச்சனீங்கள்?”

அவள் அப்போதுதான் திரும்பி அவரைப் பார்த்தாள். தண்ணீர் ஏன் பள்ளத்துக்கு ஓடுகிறது என்று கேட்பவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“குத்துற சத்தம்தான் முதல் கேக்கும். பிறகுதான் வந்து விழும்.”

“ஆர் சொன்னது?”

நிஹ்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சேர், ஆரிட்டப் போய் என்ன கேக்கிறியள் எண்டு தெரியுமோ? உங்களுக்கு முதல் செல்லுச் சத்தம் ரீவியிலயெல்லோ கேட்டிருக்கும்.”

தயாபரன் மின்னஞ்சலை மறுபடி மேலிருந்து பார்க்கத் தொடங்கினார்.

தர்மபுரத்திலிருந்து கடற்கரை வரைக்கும், போரின் கடைசி மாதங்களில், கஜேந்தினியோடு நகர்ந்துபோன சனத்தில் இந்த வரிசை தெரியாதவர் ஒருவரும் இல்லை. தூரத்தில் எறிகணை கிளம்பும்போது, யாரோ உரலில் ஒருமுறை இடித்ததுபோல ஒரு குத்து. பின்பு எதுவுமே கேளாத ஒரு சிறு நேரம். அதன் பின்புதான் மற்றது, செல் வந்து விழுவது. அந்தச் சிறு நேரத்துக்குள் பங்கருக்குள் விழலாம், தாழ்ந்த நிலத்தில் முகத்தைப் புதைக்கலாம், ஒரு பிள்ளையை இழுத்து அடியிற் போடலாம். ஆனால் இதில் எதையும் அவள் நினைத்து அந்த ஒலியைப் பிரிக்கவில்லை. அதுவே இப்போது சுட்டது. தன் நிரலைத் திறந்து அந்த இடத்துக்குப் போனாள். காற்புள்ளியை நகர்த்தினாற்கூடக் காரணம் எழுதிவைப்பவள், அங்கே ஒன்றும் எழுதவில்லை. மாற்றம் செய்கிறோம் என்றே அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. இடைவெளியின் அளவையும் எங்கிருந்தும் பார்த்து எடுக்கவில்லை. கை தானாகவே வைத்திருந்தது.

“இடைவெளியைக் கொஞ்சம் குறைச்சு விடவோ?” என்று கேட்டாள். கேட்ட குரல் தனக்கே பிடிக்கவில்லை.

“மூலத்தில இருந்தபடி வேணும் எண்டு எழுதியிருக்கினம். நீங்கள்தானே எப்பவும் சொல்லுறனீங்கள்.” தயாபரன் கதிரையை ஒரு அரைவட்டம் சுழற்றினார். “இஞ்ச பாருங்கோ பிள்ளை, விளையாட்டில சாகோணும். செத்தாத்தான் திருப்பித் திருப்பி விளையாடுவாங்கள். ஒருத்தனும் சாகாட்டி அது என்ன சண்டை?”

அறிவில்லாத ஒருவர் சரியானதைச் சொல்லும்போது வருகிற எரிச்சலுக்கு மருந்தில்லை. வெள்ளிக்கிழமைக்கு முன் திருத்தி அனுப்பாவிட்டால் இந்த விளையாட்டும் இதற்குப் பின்னால் வரவிருந்தவையும் கொழும்புக்குப் போய்விடும், மாடி பூட்டப்படும். இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டவளுக்குக் கிளிநொச்சியில் இன்னொரு வாசல் கிடையாது. கலியாண வீட்டு வீடியோக்களுக்குப் பூப்போட்டுக் கொடுக்கும் ஸ்ரூடியோவில் போய் நிற்கலாம். அதை நினைக்கவே அவளுக்கு வாய் கசந்தது.

இரண்டு ஒலிகளையும் ஒன்றாகக் கலந்து ஒற்றை ஒலியாக்கினாள். வேலை சிறியது, மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. முன்னுக்கு வந்த குத்து இப்போது வெடிக்குள்ளே அமிழ்ந்து, இருந்த இடம் தெரியாமற் போயிற்று.

திருத்தியதற்கு அத்தாட்சியாக, அந்த வயலில் நாயகன் செல் பட்டு விழுவதைப் பதிந்து அனுப்பவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். கஜேந்தினி கருவியைக் கையில் எடுத்தாள். வயல் வந்தது. நாயகன் நிமிர்ந்தபடி நடந்தான். எந்தச் சத்தமும் இல்லை. அவள் பெருவிரல் பொத்தானை அழுத்தியது, நாயகன் படுத்துவிட்டான். செல் பக்கத்தில் விழுந்து மண்ணைக் கிளப்பிற்று. மறுபடி தொடங்கினாள். மறுபடியும் படுத்தான். மூன்றாம் தரம் பல்லைக் கடித்துக்கொண்டு விரலைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பிடித்திருந்த விரல் எப்போது இறங்கிற்றென்று தெரியவில்லை.

“விடு, கஜா. உன்னால இவனைக் கொல்ல ஏலாது,” என்றாள் நிஹ்லா. “இஞ்சால கொண்டா.”

“விசர்க் கதை கதையாத. பொத்தான் இறுகிப்போச்சு.”

“ஓமோம், பொத்தான்தான்.”

நிஹ்லா வாங்கி, கால்மேல் கால் போட்டுக்கொண்டு, வாய்க்குள் ரொபி இனிப்பை உருட்டியபடி நாயகனை வயலின் நடுவுக்கு நடத்தினாள். அவன் கோயில் வீதியில் உலாப் போகிறவன்போல அவ்வளவு துவக்குகளோடும் போனான். வெடித்தது. திரை சிவந்தது.

“இந்தா, முடிஞ்சிது. நல்லா, வடிவாச் செத்திட்டான்.” அவள் சிரித்துக்கொண்டு சொல்லத் தொடங்கி, கஜேந்தினியின் முகத்தைக் கண்டு, கடைசிச் சொல்லைச் சத்தமில்லாமல் முடித்தாள்.

கஜேந்தினி பதிவை இணைத்தாள். மன்னிப்புக் கேட்கும் வாசகம் ஒன்றைச் சேர்க்கும்படி தயாபரன் சொல்லியிருந்தார். அதைச் சேர்க்காமல் அனுப்பினாள். அவர் கதவுக்குள்ளால் தலையை நீட்டி, “மெயில் போட்டுதோ?” என்றார். “போட்டுது,” என்றாள். அவர் விசிலடித்தபடி படியிறங்கிப் போனார். நிஹ்லாவும் தொழுகைக்கு எழுந்துபோனாள்.

கருவி மேசையில் கிடந்தது. அவள் அதை எடுத்து, விளையாட்டைத் திரும்பவும் அந்த வயலின் தொடக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். நாயகன் வந்து நின்றான். செல் ஒன்று விழுவதற்கு முன்பே, கேட்பதற்கு ஒன்றும் இல்லாத அந்த வெளியில், அவனைப் படுக்கவைத்தாள். எழுப்பவில்லை. கருவியை மேசையில் மெல்ல வைத்துவிட்டுக் கையை மடியிற் கோத்துக்கொண்டாள். உள்ளங்கையளவு திரையில் பச்சைப் புல் அசைந்துகொண்டிருந்தது. வலப்புறம் ஒன்று விழுந்தது, இடப்புறம் ஒன்று விழுந்தது, வெகு அண்மையில் இன்னொன்று. அவன் முகம் மண்ணில் இருந்தது.