நீலம் காட்டாத சோப்பு

தடாலென்று சமையலறையில் ஏதோ விழுந்தது. பின்னாலேயே, "ஐயோ, போச்சு!" என்று புரொஃபசரின் அலறல்.

கடைக்குப் போய்விட்டு அப்போதுதான் படியேறிய அவர் மனைவி, பையை வாசலிலேயே போட்டுவிட்டு ஓடினாள்.

புரொஃபசர் என்பது தெரு வைத்த பட்டப்பெயர். மனிதர் எந்தக் கல்லூரி வாசலையும் மிதித்ததில்லை. ஆனால் டாக்டருக்கே ஊசி போடுவது எப்படி என்று பாடம் எடுப்பார். வீட்டில் எண்ணெயை நிறுத்து, காஸ்டிக் சோடாவைக் கரைத்து, தோள்பட்டை கழலக் கலக்கி, அச்சில் ஊற்றி, வாரக்கணக்கில் காயவைத்து சோப்பு செய்பவள் மனைவி. அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசுபவர் இவர். உழைப்பை அப்படித்தான் பங்கு போட்டிருந்தார்கள்.

தரையில் எவர்சில்வர் அண்டா கவிழ்ந்து கிடந்தது. சுற்றிலும் திரிந்த பால் மாதிரி வெள்ளைக் கட்டிகள், பிசுபிசுவென்று எண்ணெய், மூக்கைத் துளைக்கும் எலுமிச்சை வாடை. அவள் அலமாரியைப் பார்த்தாள். தயாராக அடுக்கி வைத்திருந்த சோப்புகளில் ஒன்றுகூட இல்லை.

"என்னத்தப் பண்ணித் தொலைச்சீங்க?"

"லிட்மஸ் பேப்பர் வச்சுப் பார்த்தேன். சிவப்பு பேப்பர் நீலமாயிடுச்சு. காரம்டி! கவர்ல 'காரம் துளியும் இல்லாதது'ன்னு அச்சடிச்சிருக்கோம்ல?"

"அச்சடிச்சது நீங்க."

"அதான் எல்லாத்தையும் துருவி, உருக்கி, எலுமிச்சைச் சாறு ஊத்தினேன். இப்பப் பாரு, நீலமே காட்டல!" ஏதோ நோயைக் குணப்படுத்தியவர் போல அவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எப்படிக் காட்டும்? சோப்பு இருந்தால்ல காட்டும்! காஸ்டிக் எல்லாம் எண்ணெயோட சேர்ந்து தீர்ந்த பிறகும் சோப்புல கொஞ்சம் காரத்தன்மை இருக்கத்தான் செய்யும். அது இல்லாட்டி அது சோப்பே இல்ல. புளிப்பை ஊத்தினா பழையபடி கொழுப்புதான் மிஞ்சும். அரும்பாடு பட்டு நான் சோப்பாக்கினதை, அரை மணி நேரத்துல திரும்பவும் எண்ணெயாக்கிட்டீங்க. பெரிய சாதனைதான்!"

காலிங் பெல் அடித்தது.

வந்தது, சோப்பைப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுப்பதாகச் சொல்லியிருந்த, பியூட்டி பார்லர் நடத்தும் அம்மாள். அவர் தொடர்ந்து வாங்க ஒப்புக்கொண்டால், இந்த அண்டாவையும் நெடியையும் சமையலறையிலிருந்து வெளியேற்றி, பின்தெருவில் ஒரு அறை பிடித்து, தனக்கென்று ஒரு தொழிலாக நடத்தலாம் என்று மனைவி எத்தனையோ நாளாகக் கனவு கண்டிருந்தாள்.

புரொஃபசர் அசரவில்லை. ஒரு கட்டியை உள்ளங்கையில் உருட்டிப் பிடித்து நீட்டினார். "புது ரகம்ங்க. தேய்ச்சுப் பாருங்க."

அந்த அம்மாள் குழாயடியில் தேய்த்தார். நுரை வரவில்லை, கை முழுக்கப் பிசுக்கு.

"என்னங்க இது? சைக்கிள் செயினைத் தொட்ட மாதிரி இருக்கு!"

மனைவி சட்டென்று குளியலறைக்குப் போனாள். போன மாதம் கணவருக்குக் கொடுத்த சோப்பில் ஒரு துண்டாவது மிச்சமிருக்கும். அதை வைத்தாவது மானத்தைக் காப்பாற்றலாம். அவருடைய சோப்பு டப்பாவைத் திறந்தாள். உள்ளே கமகமவென்று ஒரு கடை சோப்பு, பாதி கரைந்திருந்தது. அவள் கொடுத்த சோப்பு கவர்கூடப் பிரிக்கப்படாமல் ஷெல்ஃப் மூலையில் தூசி பிடித்துக் கிடந்தது. நம்ம சோப்பு போட்டா தோல் வெண்ணெய் மாதிரி ஆயிடும் என்று ஊரெல்லாம் முழங்கிய வாயை நினைத்துக்கொண்டாள்.

கவரைக் கிழித்து வீசிவிட்டு வந்தாள். வந்தவர் கண்ணெதிரேயே சோப்பில் நாக்கு நுனியை வைத்தாள்.

"சுருக்குன்னு இழுத்தா காஸ்டிக் மிச்சம் இருக்குன்னு அர்த்தம்க்கா. இழுக்கல. இப்பக் கழுவுங்க."

நுரை பொங்கியது. பிசுக்கு போன இடம் தெரியவில்லை. அந்த அம்மாள் கையை முகர்ந்து பார்த்தார், விரல்களைத் தடவிப் பார்த்தார். "இது! இதுதான் எனக்கு வேணும்."

"என் ஃபார்முலாங்க அது!" புரொஃபசர் முன்னால் பாய்ந்தார். "ஒரு மாசமா நானே அதுலதான் குளிக்கிறேன்!"

"அப்படியா? தோலுக்கு எப்படி இருக்கு?"

மனைவி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அவர்கிட்டக் கேக்காதீங்கக்கா, அவர் குளிக்கிறது கடை சோப்புல, செய்யறவ நான், பேச வேண்டியதை என்கிட்டயே பேசுங்க."