கதவுப் பக்கம் ஓடிய தண்ணீர்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது பணம் அனுப்பும் கடை ஒன்றில். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "அடியில சிமெண்டு பிடிக்கல, சீக்கிரம் பெயர்ந்துடும்" என்றார். டைல்ஸ் பதிப்பவர். அவ்வளவுதான் பேசினோம். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பிழைக்கப் போன ஒவ்வொருவன் நெஞ்சிலும் ஒரு...’

(சே, மேடைப் பேச்சு. விட்டுவிட்டேன்.)

வீட்டுக்கு ஏன் பணம் அனுப்புகிறார்கள் என்று கட்டுரை எழுதுகிறவர்கள் காரணம் பிரிப்பார்கள். பாசம், கடமை, நாளைக்குத் திரும்பினால் ஓர் இடம் வேண்டுமே என்கிற முன்யோசனை. நம் ஆளுக்கு இதெல்லாம் உண்டு. கூடவே இன்னொன்றும் உண்டு. பணம் போய்ச் சேர்ந்த அன்று வீட்டிலிருந்து அழைப்பு வரும். மற்ற நாட்களில் அவராகக் கூப்பிட்டால் மனைவி என்னவோ ஏதோ என்று பதறிவிடுவாள். சும்மாதான் கூப்பிட்டேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

3

அனுப்பியது வீண் போகவில்லை. தங்கை கல்யாணம் முடிந்தது, மகள் படிக்கிறாள், வீடும் எழும்பிவிட்டது. போன வாரம் மனைவி புதுக் குளியலறையை வீடியோ எடுத்து அனுப்பினாள். வாளித் தண்ணீரை ஊற்றுகிறாள். அது மூலையில் இருக்கும் குழிக்குப் போகாமல் கதவுப் பக்கம் ஓடுகிறது. ஊரார் வீட்டுக்கெல்லாம் தரை பதித்தவரின் சொந்த வீட்டில், அவர் காசிலேயே, எவனோ சொதப்பியிருக்கிறான். கோபம் வந்திருக்க வேண்டும். அவருக்கு வந்ததோ சந்தோஷம். ஊருக்குப் போக ஒரு காரணம் கிடைத்துவிட்டதே! மேஸ்திரியிடம் நைசாகப் பேசி விடுப்பும் வாங்கிவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார்.

"நானே வந்து பெயர்த்துப் போடறேன்."

"டிக்கெட்டுக்குப் போடற காசுல பாதி போதுமேங்க, இங்கேயே வேற ஆளை வச்சு முடிச்சுடலாம்" என்றாள்.

(முதல் வரைவில் அவளைப் பணப்பேயாக எழுதியிருந்தேன். அநியாயம். அவருக்கு அலைச்சல் மிச்சம் என்றுதான் சொல்கிறாள். வருவார் வருவார் என்று ஏமாந்து ஏமாந்து, இப்போதெல்லாம் ஆசைப்படுவதையே விட்டுவிட்டாள்.)

4

முடிவு ஒன்று. பணத்தை அனுப்பிவிடுகிறார். கூடத் தங்கியிருப்பவர்கள் வேலைக்குப் போன பிறகு, கட்டிலில் உட்கார்ந்து பழைய வீடியோவையே பார்க்கிறார். புது வீடியோ வரும். அதில் ஒரு கோளாறும் இருக்காது.

முடிவு இரண்டு. சொல்லாமல் கொள்ளாமல் போய் நிற்கிறார். எல்லோருக்கும் சந்தோஷம்தான். சாப்பாடு போட்டுக்கொண்டே மகள் கேட்கிறாள்: "எப்போப்பா கிளம்பறீங்க?"

5

இரண்டுமே எனக்கு ஒப்பவில்லை. போன் இன்னும் அவர் காதில்தான் இருக்கிறது. தரை கிடக்கட்டும், உன்னைப் பார்க்கணும் போல இருக்கு என்று அவர் சொன்னால் போதும். வாங்க என்று அவள் சொன்னாலும் போதும். எழுதுகிறவன் நான், யார் வாயிலாவது அதைத் திணித்திருக்கலாம். திணித்தும் பார்த்தேன். பழக்கமில்லாத வாயில் அது நிற்கவில்லை.

"ஏங்க, லைன்ல இருக்கீங்களா?" என்கிறாள்.

இருக்கிறார். என்ன சொல்வதென்றுதான் தெரியவில்லை, அவருக்கும் எனக்கும். நீங்களாவது சொல்லிக்கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், அவள் வைத்துவிடப் போகிறாள்.