குப்பை போகிற இடம்

விடியும் முன்பே தள்ளுவண்டிகள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தன. டீசல் வண்டி இழுத்த குப்பையை இந்த ஆண்டிலிருந்து பெண்கள் இழுக்கிறார்கள். பல்கலைக்கழகம் புகையில்லா வளாகம் ஆகிவிட்டது. நெட்டையக்கா முன்னால் இழுக்க, அவள் நாத்தனார் பின்னாலிருந்து முட்டுக்கொடுத்தாள். விடுதிச் சாப்பாட்டின் ஈரக் கழிவு மூட்டையிலிருந்து கசிந்து முழங்கை வழியே ஓடியது.

மேட்டிலிருந்த கொட்டகைத் தரையில் கொட்டி, வெறும் கையால் பிரித்தார்கள். முன்பு கொடுத்த மெல்லிய கையுறைகளை நிறுத்தியாயிற்று. அவையும் பிளாஸ்டிக் குப்பைதானாம். குறைத்தால் பசுமை வளாக விருதுக்கான மதிப்பீட்டில் நல்ல பெயர் வருமாம். துணிக் கையுறை வரும் என்றார்கள். வரவில்லை.

ஆய்வுக்கூடத்து மூட்டைக்குள் நாத்தனார் கைவிட்டாள். உள்ளே ஏதோ புட்டி உடைந்து கிடந்தது. கையை வெளியே எடுத்தபோது விரல்களின் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவள் கத்தக்கூட இல்லை, கையையே வெறித்துப் பார்த்தாள். நெட்டையக்கா அவளைக் குழாயடிக்கு இழுத்துப் போனாள். சிக்கனத்துக்காக இறுக்கித் திருகி வைத்த குழாயில் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து ஊற்றினார்கள்.

காண்ட்ராக்டர் வந்து பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. வீட்டுல சுட்டுக்கிட்டான்னு சொல்லு."

"எதுக்கு அப்படிச் சொல்லணும்?" என்றாள் நெட்டையக்கா.

"நாளைக்கு மதிப்பீட்டுக் குழு வருது. கொட்டகையைப் பூட்டிப் பச்சைத் துணி கட்டச் சொல்லியிருக்காங்க. நீங்க யாரும் இந்தப் பக்கம் வரவேணாம்."

"இவ கை ஆறுற வரைக்கும்?"

"வேற ஆள் போட்டுக்கறேன்."

"கையுறை குடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா?"

"நானா நிறுத்தினேன்? மேல போய்க் கேளு."

இரண்டு விரல்கள் இனி மடங்குவது சந்தேகம் என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரி பெஞ்சில் நாத்தனார் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நீங்க பேசாம இருங்க அண்ணி. உங்க வேலையும் போச்சுன்னா அண்ணன் ஒத்தையாளா என்ன பண்ணுவாரு?"

"பேசாம இருந்துதான் பாத்தாச்சே."

அன்று மாலையே நெட்டையக்கா கூட வேலை செய்யும் பெண்களின் வீடு வீடாக ஏறி இறங்கினாள்.

மறுநாள் பச்சைத் துணிக்கு முன்னால், நடைபாதையில், எல்லாப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். குழு வந்தது. "தற்காலிக ஆளுங்க மேடம், சின்னப் பிரச்சினை" என்றார் கூட வந்த பல்கலைக்கழக அதிகாரி. குழுத் தலைவி நின்றாள். நாத்தனார் கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்ட, நெட்டையக்கா நடந்ததைச் சொன்னாள். தலைவியின் முகம் வாடியது.

"வருத்தமா இருக்கும்மா. ஆனா குப்பை எவ்வளவு குறையுது, எங்க போகுதுன்னு பாக்கத்தான் நாங்க வந்திருக்கோம். ஆளுங்க விஷயத்தை நிர்வாகம்தான் பாக்கணும்."

"குப்பை எங்க கை வழியாத்தாம்மா போகுது."

தலைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அதிகாரி மழைநீர்க் குளத்தின் பக்கம் கைகாட்டினார். போய்விட்டார்கள்.

"நம்மளை மக்காத குப்பைன்னு ஒதுக்கிட்டுப் போறாங்க" என்றாள் ஒருத்தி.

"நாளைக்குப் புது ஆளுங்க வருவாங்க. எந்திரிங்க" என்றார் காண்ட்ராக்டர். ஒருவரும் எழவில்லை. விருது வரத்தான் போகிறது, வேலை போகத்தான் போகிறது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வெயில் ஏறியது.

உச்சிப்பொழுதில் விடுதிச் சமையல்காரர் தன் ஆட்களோடு கோபமாக வந்தார். "எங்க பின்வாசல்ல நாத்தம் தாங்கலை. எங்களையே அள்ளச் சொல்றாரு உங்க காண்ட்ராக்டர்."

"அள்ளுங்க" என்றாள் நெட்டையக்கா. "இவ கையை ஒரு தடவை பாத்துட்டுப் போய் அள்ளுங்க."

சமையல்காரர் பார்த்தார். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்நுனிகள் கருத்திருந்தன. அள்ளாவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் காண்ட்ராக்டர் தன்னைத் தேடிவருவார் என்பது அவருக்குத் தெரியும். தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தரையில் விரித்தார்.

"நான் அள்ளலை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நாத்தனார் மெல்ல நகர்ந்து, அவர் பின்னால் நின்ற ஆட்களுக்கும் இடம் விட்டாள்.